இருபதாவது மூட்டை

இந்தக் காலத்தில் யாரும் எதையும் மோந்து பார்ப்பதில்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதியைத் தேடுகிறார்கள். தேதி முடியவில்லை என்றால் என்ன நாற்றம் அடித்தாலும் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். நேற்றோடு முடிந்துவிட்டது என்றால் நல்ல பண்டத்தைக் குப்பையில் கொட்டுகிறார்கள். முகத்துக்கு நடுவில் கடவுள் ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறாரே, அது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு மட்டும்தான் என்று நினைப்பு.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக என் மூக்கைத் தாண்டாமல் ஒரு லோடு மக்காச்சோளம் எங்கள் பண்ணைக்குள் போனதில்லை. லாரிக்காரர்கள் எனக்கு வைத்த பெயரே 'மூக்கு'தான். "மூக்கு உள்ளே இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தார்ப்பாயை அவிழ்ப்பார்கள்.

போன வாரம் படித்தவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். படிக்காதவர்களுக்கு நாலு வரி. எங்களிடம் முட்டைக் கோழிக் கொட்டகை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலாயிரம் கோழி. என் மருமகள் தீவனத்துக்கென்றே இருக்கிற படிப்பைப் படித்தவள். மஞ்சள், கிராம்பு, எனக்குப் பெயர் வாயில் நுழையாத இரண்டு இலை, இவற்றின் சாற்றை இறக்கி உலர்த்தி ஒரு பொடி செய்திருக்கிறாள். தானியத்தில் பூசணம் விட்டுவைக்கிற விஷம் கோழியின் ஈரலைக் கெடுக்காமல் அந்தப் பொடி காப்பாற்றும் என்பது அவள் கட்சி. அதை மெய்ப்பிக்கத்தான் முதல் கொட்டகைக்குப் பொடி கலந்த தீவனம், இரண்டாம் கொட்டகைக்குப் பொடி இல்லாத தீவனம். தினமும் நோட்டுப் போட்டு எழுதுகிறாள். ஒரு வாரமாக இரண்டாம் கொட்டகையில் கோழிகள் விழுகின்றன. டாக்டரம்மா வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்து, ஈரலையும் அந்தக் கொட்டகைத் தீவனத்தையும் சோதனைக்கு அனுப்பினார். அங்கேதான் விட்டிருந்தேன்.

முடிவு வருகிற நாள் வந்தது.

பொழுது விடிந்ததும் இரண்டாம் கொட்டகைக்குள் போனேன். கோழிக் கொட்டகை என்றால் காலையில் காது அடைக்க வேண்டும். நாலாயிரம் தொண்டை. அன்றைக்கு என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். கொண்டைகள் வெளுத்து, தண்ணீரில் ஊறிய காகிதம் போலத் தொங்கின. இறக்கையை ஒடுக்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் சில கோழிகள் கம்பியில் சாய்ந்து நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். போன மாதம் எடுத்திருந்தால் என் கையைக் கொத்திப் பிடுங்கியிருக்கும். இப்போது தலையை என் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. கழுத்து தளர்ந்த பிறகுதான் அது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மகன் தள்ளுவண்டியோடு வந்தான்.

"எத்தனைப்பா?"

"இதோட அறுபத்தொண்ணு."

"நேத்து நாப்பத்தி நாலுதானே?"

"நாளைக்கு எத்தனைன்னு அதுங்க என்கிட்ட சொல்லலைடா."

அவன் முறைத்துவிட்டு வண்டியில் அள்ளிப் போட ஆரம்பித்தான். காலைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற சத்தம் இருக்கிறதே, ஈரத் துணியைத் தரையில் அடிப்பது போல. அதை எண்ணிக்கொண்டே நின்றேன்.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. என் மகள். கல்யாணமாகி மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். முந்தின நாளும் கூப்பிட்டிருந்தாள். சின்னப் பேத்திக்கு நாலு நாளாக வாந்தி, எதுவும் வயிற்றில் தங்கவில்லை, என்ன செய்யட்டும் அப்பா என்றாள். பாக்கெட் தீனி வாங்கிக் கொடுத்தால் வாந்திதான் வரும், முதலில் அதை நிறுத்து என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது ஒரு கையில் செத்த கோழி. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து முதல் கொட்டகைக்குப் போனால் வேறு உலகம். இரைச்சல், சண்டை, கொத்து, குதிப்பு. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்தது போலக் கிராம்பு வாசனை. ஒரு கோழி விழவில்லை.

"பார்த்தீங்களா?" என்றான் மகன் பின்னாலிருந்து. "அங்க அறுபத்தொண்ணு. இங்க ஒண்ணுகூட இல்ல. இன்னுமா நம்பிக்கை வரல உங்களுக்கு?"

"நம்பறதுக்கு என்ன அவசரம்? ரயிலா பிடிக்கப் போறோம்?"

"நீங்க அந்த ரயில் போனப்புறமும் ஸ்டேஷன்ல நின்னு திட்டிக்கிட்டு இருப்பீங்க."

நான் நம்பாததற்குக் காரணம் இருந்தது. வருகிறேன்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். தீவன அறையிலேயே உட்கார்ந்தோம். அந்த அறையில் அரவை இயந்திரம், கலக்குகிற டிரம், பொடி டப்பாக்கள், பிறகு பலகை மேல் அடுக்கிய இரண்டு அடுக்கு மூட்டை. ஒரு அடுக்கு சிவப்பு நூலால் வாய் தைத்தது. இன்னொன்று நீல நூல்.

இந்த நூல் விஷயத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். இருபது நாளைக்கு முன்னால் ஒரே நாளில் இரண்டு லாரி வந்தது. ஒவ்வொன்றிலும் நூறு மூட்டை. சிவப்பு நூல் லோடு வழியில் மழையில் மாட்டியது. மூட்டையைப் பிரித்ததுமே அழுக்குத் துணி வாடை. திருப்பி அனுப்பு என்றேன். மகன் அதற்குள் இறக்கி முடித்து லாரியை அனுப்பிவிட்டிருந்தான். நீல நூல் லோடு அப்படி இல்லை. கையை விட்டு அள்ளினால் கலகலவென்று உதிர்ந்தது. வெயில் காய்ந்த வாசனை. முதல் தரம் என்றேன்.

மருமகள் ஒரு ஏற்பாடு சொன்னாள். ஒரு கொட்டகைக்கு ஒரு நாளைக்கு நாலு மூட்டை. அதில் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், சேர்த்து அரைக்க வேண்டும். இரண்டு கொட்டகையும் ஒரே சோளத்தைத் தின்ன வேண்டும், வித்தியாசம் பொடி மட்டும்தான் இருக்க வேண்டும் என்றாள். அரைப்பது என் வேலை. சரி என்று தலையாட்டினேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார். "விஷம் நூறு கோடில இருபது பங்கைத் தாண்டினாலே யோசிக்கணும். இதுல ஆயிரத்து நூறு இருக்கு."

மருமகள் நின்றுகொண்டிருந்தவள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பூசண விஷம்தானா, டாக்டர்?"

"அதேதான். ஈரல் எல்லாம் மஞ்சளாப் போய், தொட்டா உதிருது. ரெண்டாம் கொட்டகைல இப்ப இருக்கற தீவனத்தை இந்த நிமிஷமே நிறுத்துங்க. முட்டை ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

"மீதி பிழைக்குமா?" என்று நான் கேட்டேன்.

"ஈரல் முழுசாக் கெட்டதுங்க போயிடும். மத்ததுங்க பிழைக்கலாம், பெரியவரே. இன்னிலேர்ந்து அதுங்க என்ன தின்னுதுங்கறதுதான் விஷயம்."

மகன் கையைத் தட்டினான். "அப்பா அன்னிக்கே சொன்னாரு! அந்தச் சிவப்பு நூல் லோடுதான். நான்தான் கேக்கல. இனிமே அதைத் தொடவே கூடாது, குழி தோண்டிப் புதைச்சிடலாம். நீலம் இருபது மூட்டை இருக்கு, அதைப் போட்டுக்கலாம்."

"வாசனையை வெச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார் டாக்டரம்மா. "பூசணம் செத்து, தானியம் காஞ்சு, சுத்தமாத் தெரியும். அது விட்டுட்டுப் போன விஷம் உள்ளேயே இருக்கும். அந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாத்தம் அடிக்கறதுல விஷமே இல்லாமலும் இருக்கும். ரெண்டு லோடுலயும் தனித்தனியா எடுத்து அனுப்புங்க. முதல் கொட்டகைத் தீவனத்தையும் அனுப்புங்க."

"முதல் கொட்டகையது எதுக்கு டாக்டர்?" மருமகள் நிமிர்ந்தாள். "ரெண்டுக்கும் ஒரே சோளம். பொடிதான் வித்தியாசம்."

"அப்படின்னா ஆயிரத்து நூறை உங்க பொடி தாங்கிப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் விஷம்னா இந்தச் செடிச் சாறெல்லாம் ஈரலைக் காப்பாத்தும்னு நானும் படிச்சிருக்கேன். இவ்வளவைத் தாங்குச்சுன்னா..." டாக்டரம்மா காகிதத்தை மடித்தார். "அதிசயம்தான்."

அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதிசயத்தை அவருக்கும் பிடிக்காது போலிருக்கிறது.

நான் கலக்குகிற டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் இரண்டையும் சேர்த்து அரைக்கவில்லை. ஒரு நாள்கூட.

நீதானே பூசணத்தை உன் பொடி அடக்கும் என்கிறாய், அடக்கட்டும் பார்க்கலாம் என்று வாடை அடித்த சிவப்பு நூல் மூட்டை நாலையும் முதல் கொட்டகைக்கே அரைத்துப் போட்டேன். இரண்டாம் கொட்டகைக் கோழிகளுக்குப் பொடியும் இல்லை, பாவம், அதுகளாவது நல்ல தானியம் தின்னட்டும் என்று நீல நூலை மட்டும் போட்டேன். கலகலவென்று உதிர்கிற தானியம். முதல் தரம். என் மூக்கு சொன்னது.

இருபது நாளும் அப்படித்தான். இரண்டு அடுக்கிலும் மூட்டை ஒரே மாதிரி குறைந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

டாக்டரம்மா போன பிறகு குழியருகே போனோம். மகன் கொட்டினான், நான் சுண்ணாம்பு தூவினேன். வெள்ளை இறகின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு விழுந்தால் ஒன்றும் தெரியவில்லை. கொண்டைகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆலைக்காரர் வர்றாரு" என்றான் மகன். "அவர்கிட்ட தீவனம் வாங்கறது இருநூறு பண்ணைப்பா. இந்தப் பொடியை அவர் தீவனத்துல சேர்த்துட்டாருன்னா உங்க மருமக எங்கயோ போயிடுவா."

"செத்த கோழிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இளிக்காதே."

"அழுதா எழுந்து வந்துடுமா?"

மருமகள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். என் கையில் இருந்த சுண்ணாம்பைக் கழுவ அவளே ஊற்றினாள். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"மாமா, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாத்தம் அடிச்ச லோடை வேண்டாம்னு முதல்ல சொன்னதே நீங்கதான். உங்க மூக்கை நான் கொஞ்சம் கேலி பண்ணிட்டேன். தப்பு என் மேல."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டது தப்பான ஆளிடம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அப்புறம் சொல்லலாம், மாலைக்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். வழி எங்கிருந்து பிறக்கும்?

ஆலைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. இரண்டாம் கொட்டகை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். முதல் கொட்டகைக்குள் நுழைந்து நடந்தே பார்த்தார். மருமகளின் நோட்டைப் புரட்டினார்.

"முப்பத்து நாலு நாளா எழுதியிருக்கியாம்மா? என் கணக்கப்பிள்ளைகூட இப்படி எழுத மாட்டான்." பிறகு தீவன அறைக்கு வந்து மகனைப் பார்த்தார். "நேரா கேக்கறேன் தம்பி. இந்த வருஷம் சோளமெல்லாம் மழைல நனைஞ்சு கெடக்கு. இந்தப் பொடியைப் போட்டா ரெண்டாம் தரத்தையும் தைரியமா அரைக்கலாமா?"

"தாராளமா" என்றான் மகன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றாள் மருமகள். "பொடி ஒரு காவல்தான். நல்ல சோளத்துக்குப் பதிலா ஆகாது."

"ஆயிரத்து நூறைத் தாங்கியிருக்குன்னு இவர் சொல்றாரேம்மா?"

அவள் நோட்டை வாங்கி மூடினாள். அவள் நோட்டே அவளுக்கு எதிராக நின்றது.

"தாங்கியிருக்கு" என்றாள் கடைசியில்.

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மகனுக்குக் கால் தரையில் இல்லை. "இப்பவே பாருங்க" என்று நீல நூல் மூட்டை ஒன்றை டிரம்முக்குப் பக்கத்தில் இழுத்தான். "இன்னிலேர்ந்து ரெண்டு கொட்டகைக்கும் இந்த நல்ல சோளம்தான். ரெண்டுக்கும் பொடி. அந்த ரெண்டாம் கொட்டகை ஒரு வாரத்துல எழுந்து நிக்கும்." கத்தியை எடுத்து நூலை அறுக்கப் போனான்.

நான் போய் அந்த மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"எழுந்திருங்கப்பா. ஆள் நிக்கறாங்க."

"இது வேண்டாம்."

"ஏன்? நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ரெண்டாம் கொட்டகை தின்னது இதைத்தான்."

"ரெண்டையும் சேர்த்துத்தானே தின்னுச்சு?"

"சேர்க்கலடா. இதை மட்டும்தான் தின்னுச்சு."

மகனுக்குப் புரியவில்லை. மருமகளுக்கு உடனே புரிந்தது. அவள் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது.

"அப்ப முதல் கொட்டகை?"

"சிவப்பு. வெறும் சிவப்பு."

"எத்தனை நாளா மாமா?"

"லாரி வந்த நாள்லேர்ந்து."

"எதுக்கு?"

காரணத்தைச் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே காரணம்தான். சொல்லும்போது அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"அப்போ பொடி?" என்றார் ஆலைக்காரர்.

"பொடிக்கு அங்க வேலையே இருந்துதோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? முதல் கொட்டகை இந்த நீலச் சோளத்தை ஒரு மணிகூடத் தின்னல" என்றேன்.

ஆலைக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சிரித்தார், கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பெரியவரே, கோழியைச் சோதிக்கறதா சொல்லி வரச்சொல்லிட்டு, என் பொறுமையைச் சோதிக்கறீங்க. வீட்டுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் போன் பண்ணுங்க."

கார் கிளம்பிப் போகிற வரை மகன் பொறுத்திருந்தான். அதற்கப்புறம் பேசினான்.

"இருபது நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, இன்னும் ஒரு மணி நேரம் மூடியிருக்கக் கூடாதா? அவர் போனதும் சொல்லியிருக்கலாமே!"

"அதுக்குள்ள நீ மூட்டையை அறுத்திருப்ப."

"உங்களுக்கு இவ மேல அப்படி என்ன வன்மம்?"

"வன்மம் இல்லடா. நம்பிக்கை இல்ல."

"ரெண்டுக்கும் நடுவுல அந்த நாலாயிரம் கோழிக்கு என்ன வித்தியாசம்?"

கத்தியைத் தரையில் வீசினான். அது டிரம்மில் பட்டு மணி அடித்தது போலக் கேட்டது.

மருமகள் அழவில்லை. நோட்டைத் திறந்து, லாரி வந்த நாளைத் தேடி எடுத்து, அதிலிருந்து பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது. அதைப் பார்க்கிறதுக்குக் குழியருகே நிற்பதே மேல்.

"முதல் கொட்டகைத் தீவனத்தையும் அனுப்பச் சொன்னாங்க டாக்டர்" என்றாள் தலை நிமிராமல். "நான் ஏன் எதுக்குன்னு கேட்டேன் தெரியுமா மாமா? நல்லா வந்திருக்கறதைக் கிளற மனசு வரல. நீங்க மட்டும் ஏமாத்தல."

மூட்டையிலிருந்து எழுந்து நின்றேன்.

"நாப்பது கோழியைத் தனியா எடுக்கப் போறேன்" என்றாள். "எல்லாத்துக்கும் இந்த நீலச் சோளம்தான். இருபதுக்குப் பொடி உண்டு, இருபதுக்கு இல்ல. பதினஞ்சு நாள். நான்தான் அரைப்பேன், நான்தான் போடுவேன். மீதிக் கோழி எல்லாத்துக்கும் வெளியேர்ந்து சோதிச்ச சோளம் வரணும்."

"தெரிஞ்சே விஷம் வைக்கப் போறியா?"

"தெரியாம நீங்க நாலாயிரத்துக்கு வெச்சீங்க. தெரிஞ்சு நான் நாப்பதுக்கு வெக்கறேன். எது பாவம்னு நீங்களே சொல்லுங்க மாமா."

"ரெண்டும்தான்."

"சரி. ரெண்டும்தான். ஆனா என்னது முடியும்போது ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும்."

பொடி மேல் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் நின்ற நிற்பில் ஒரு பயம் வந்தது எனக்கு. நான் லாரிக்காரர்கள் முன்னால் நிற்கிற நிற்பு அது.

"நீல மூட்டையை எல்லாம் எண்ணித் தனி அறைல போட்டுப் பூட்டுங்க" என்று கணவனிடம் சொன்னாள். "ஒரு மணிகூடத் தவறி வேற எங்கயும் போகக் கூடாது."

அவன் முறைத்துக்கொண்டே எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பத்தொம்பதுதான் இருக்கு."

"இருபது இருக்கணுமே" என்றாள் அவள். "நூறுல தினம் நாலு, இருபது நாள். எண்பது போக இருபது."

"மூட்டை தூக்கறவன் வேலையாத்தான் இருக்கும். அன்னிக்கே பார்த்தேன், கண்ணு இதுமேலதான் இருந்துச்சு. வரட்டும் அவன்." போனை எடுத்தான்.

"அவனைத் திட்டாதே" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

காலையிலிருந்து ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூறு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோழி, குழி, பொடி, மானம், இவ்வளவுதான் நினைவில் இருந்தது. இது மட்டும் தோன்றவே இல்லை. லாரி வந்த அன்றைக்கு, இறக்கிய நூறு மூட்டையில் நன்றாக விளைந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, மூன்று தெரு ஓட்டிக்கொண்டு போனது நான்தான். மகள் வீட்டு வாசலில் இறக்கி, "பாக்கெட் மாவு வாங்காதே. இதை அரைச்சுப் பிள்ளைங்களுக்குப் பண்ணிக் கொடு. இது நானே மோந்து பார்த்து எடுத்தது" என்று சொன்னதும் நான்தான்.

"எங்கப்பா போச்சு?" என்றான் மகன்.

"உன் தங்கச்சி வீட்டுக்கு."

மருமகள்தான் முதலில் அசைந்தாள்.

"பாப்பாவுக்கு நாலு நாளா வாந்தின்னு என்கிட்டயும் சொன்னாங்களே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

போனை எடுத்தேன். காலையிலிருந்து மகள் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தாள். ஒன்றையும் நான் எடுக்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி நின்றது.

மருமகள் தன் போனில் டாக்டரம்மாவைப் பிடித்து, "கோழிக்கு இல்ல டாக்டர், குழந்தைக்கு, குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் பதறிப் போய் டப்பாவைத் திறந்து ஒரு பிடி பொடியைக் காகிதத்தில் கொட்டினான்.

"இதையாவது கொண்டு போங்கப்பா, தண்ணில கலந்து..."

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள் மருமகள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. காகிதத்தைத் தட்டிவிட்டாள். முப்பத்து நாலு நாளாகக் காவல் காத்த பொடி தரையெல்லாம் மஞ்சளாகச் சிதறியது.

அவள் உருவாக்கின பொடி அது. அதை ஒரு குழந்தை வாயில் வைக்க அவளுக்கே தைரியம் இல்லை. சொல்லிக்காட்ட இதுவா நேரம்?

அவள் என் பின்னாலேயே வாசல் வரை ஓடி வந்தாள்.

"மாமா, நில்லுங்க, இவர் வண்டி எடுக்கறாரு. மாமா, பயப்படாதீங்க. சின்னப் பிள்ளை எவ்வளவு தின்னிருக்கப் போறா? கொஞ்சம்தான் தின்னிருப்பா. கொஞ்சம்தான்."

கொஞ்சம்தான் என்கிறாள். கோழியும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம்தான் தின்றது.

நிற்கவில்லை. வண்டிக்குக் காத்திருக்கவில்லை. மூன்று தெருதானே. முதல் தெரு முனையில்தான் கவனித்தேன், கிளம்பின அவசரத்தில் பலகையடியில் சிந்திக் கிடந்த நீலச் சோளத்தில் ஒரு பிடி கையோடு வந்திருக்கிறது. விரலைப் பிரித்து மூக்கருகே கொண்டு போனேன். வெயில் காய்ந்த வாசனை. ஒரு குற்றம் சொல்ல முடியாது.

என் மூக்கு இன்னும் நல்லது என்றுதான் சொல்கிறது. நடந்துகொண்டே இருந்தேன்.